வழிப்போக்கனுக்கு ஒரு திண்ணை

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

‘பண்டைத் தமிழரின் விருந்தோம்பல்’ என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். இனிய தலைப்பு, எளிய தலைப்புங்கூட. நம் முன்னோரின் பெருமையை ஒரு மணி நேரம் பேசிவிட்டு, நாம் அனைவரும் மனநிறைவோடு உணவுக்கூடத்திற்குச் செல்லலாம். ஆனால் சென்ற மாதம் நம் செயற்குழுவில் எழுந்த ஒரு விவாதம் என் உறக்கத்தைக் கலைத்துவிட்டது. ஆதலின், அதே தலைப்பைச் சங்க காலத்திலிருந்து எடுத்துவந்து இத்தலைநகரின் தெருவில் வைத்துப் பேச உங்கள் அனுமதியை வேண்டுகிறேன்.

அந்த விவாதம் யாது? நம் நலநிதியில் சேர்ந்துள்ள தொகையில் ஒரு பகுதியை, வீடிழந்து நிற்கும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்குச் செலவிடலாமா என்பதே. உறுப்பினர் சிலர் ‘ஆம்’ என்றனர். சிலரோ, “கொடுத்துப் பழக்கினால் கேட்டுப் பழகிவிடுவார்கள், உழைக்கும் எண்ணமே போய்விடும்” என்றனர். மறுத்தவர்களில் ஒருவர் என் நாற்பதாண்டு நண்பர். தம் ஓய்வூதியத்திலிருந்து ஊர்ப்பள்ளிக்கு நூலகம் அமைத்தவர். கருமி என்று அவரை யாரும் கூற இயலாது. ஆகவே அவர் கருத்தை எள்ளி ஒதுக்காமல், நேர்மையாக எடுத்து ஆராய்வதே முறை.

இவ்வையம் நம் சங்கத்தோடு நிற்பதும் அன்று. 2025-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள், நகரங்களில் வீடற்றோர்க்கான தங்குமிடம்பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அப்போது, தேர்தலையொட்டி அறிவிக்கப்படும் இலவசங்களால் மக்கள் உழைக்க மனமின்றிப் போகிறார்கள் என்றும், நாட்டின் வளர்ச்சியில் அவர்களைச் சேர்ப்பதற்கு மாறாக ஒட்டுண்ணிகளின் வகுப்பொன்றை நாம் உண்டாக்குகிறோமோ என்றும் நீதிபதிகள் வினவினர். அமர்விலிருந்த நீதிபதி ஒருவர், தாம் வேளாண் குடும்பத்திலிருந்து வந்தவர் என்றும், மகாராஷ்டிரத்தில் உழவர்க்கு வேலையாட்கள் கிடைக்கவில்லை என்றும் எடுத்துரைத்தார். வேலை கிடைத்தும் செய்ய விரும்பாதவர் இந்நாட்டில் அரிது என்று மனுதாரர் தரப்பு வழக்கறிஞர் விடையிறுத்தார். நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் எழுந்த வினாவே நம் சிறிய குழுவிலும் எழுந்திருக்கிறது என்றால், அதனை நாம் தவிர்த்துச் செல்வது எவ்வாறு?

முதலில், வீடற்றவர் யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நடைபாதையிலும், சாலையோரத்திலும், பெரிய குழாய்களுக்குள்ளும், மேம்பாலங்களின் கீழும், கோயில் வெளிகளிலும், இரயில் நிலைய மேடைகளிலும் படுத்துறங்குவோரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பார் வீடற்றோர் எனக் கொள்கின்றனர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியா முழுமையிலும் இத்தகையோர் 17 லட்சத்திற்கு மேற்பட்டவர். அவருள் ஒன்பது லட்சத்திற்கு மேற்பட்டோர் நகரங்களில் வாழ்ந்தனர். டில்லியில் மட்டும் 46 ஆயிரத்திற்கு மேற்பட்டவர் எண்ணப்பட்டனர். ஓர் இரவில், விளக்கொளியில், நடமாடும் மக்களை எண்ணிய எண்ணிக்கை இது. விடுபட்டவர் பலர் இருப்பர் என்பதில் ஐயமில்லை.

இவர்கள் பகலில் என்ன செய்கிறார்கள்? பழைய டில்லிக்கு ஒரு முறை விடியற்காலையில் சென்று பாருங்கள். காரீ பாவ்லியில் மிளகாய் மூட்டை சுமப்பவர் யார்? தள்ளுவண்டி இழுப்பவர் யார்? மாளிகைகளில் நடைபெறும் திருமணங்களில் நள்ளிரவுவரை பாத்திரம் துலக்கி, விடிவதற்குள் பந்தலைப் பிரித்து அடுக்குபவர் யார்? அவருள் பலர் ஜும்மா மசூதியின் அருகிலும், யமுனைக் கரையிலும், காஷ்மீரி கேட் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் இரவைக் கழிப்பவர்கள். மார்கழிக் குளிரில் அவர்கள் போர்த்துக்கொள்ளும் ரஜாயைக்கூட இரவு வாடகைக்கு எடுக்கின்றனர். நடைபாதை உறக்கமும் இந்நகரில் விலையின்றிக் கிடைப்பதில்லை. வாடகை செலுத்தி வானத்தின் கீழ் உறங்குகிறவனைச் சோம்பேறி என்று அழைப்பதற்குமுன் நாம் சற்றே நின்று எண்ண வேண்டும் அன்றோ?

‘இலவச அரிசி வாங்கி உண்டு சோம்பிக் கிடக்கிறார்கள்’ என்னும் குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். 2013-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தகுதிபெற்ற குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் ஒன்றுக்கு 5 கிலோ தானியம் உண்டு. 2023-ஆம் ஆண்டு சனவரி முதல் அது விலையின்றி வழங்கப்படுகிறது. கணக்கில் வல்லவர் பலர் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். 5 கிலோவை முப்பது நாளுக்குப் பங்கிட்டால், ஒரு நாளைக்கு ஏறத்தாழ 166 கிராம். மூட்டை சுமக்கும் ஒருவனுக்கு ஒரு வேளை வயிறு நிறைய இது போதுமா? எண்ணெய்க்கும் பருப்புக்கும் விறகுக்கும் அவன் உழைத்தே தீரவேண்டும். மேலும், நடைபாதையில் வாழ்பவனுக்கு அடுப்பு ஏது? முகவரியில்லாதவனுக்கு ரேஷன் அட்டைதான் ஏது? யாரைக் குறித்து இக்குற்றச்சாட்டு எழுகிறதோ, அவருள் பலர் அப்பொருளை என்றும் கண்ணால் கண்டதில்லை.

உதவி பெறுவோர் உழைப்பைக் கைவிடுகின்றனரா என்பதை அறிஞர்கள் அளந்தும் பார்த்திருக்கின்றனர். 2019-ஆம் ஆண்டு பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜியும் அவர்தம் தோழர்களும், வளரும் நாடுகள் ஆறில் நடைபெற்ற ஏழு பண உதவித் திட்டங்களின் ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கினர். உதவியினால் மக்கள் வேலையைக் குறைத்துக்கொண்டனர் என்பதற்குத் தக்க சான்று எதுவும் கிட்டவில்லை என 2017-ஆம் ஆண்டில் அவர்கள் எழுதினர். உலகில் சோம்பேறியே இல்லை என்பது இதன் பொருள் அன்று. செல்வர் வீட்டிலும் சோம்பேறி உண்டு. ஏழை வீட்டிலும் உண்டு. பசியைத் தீர்ப்பதனால் சோம்பல் பிறப்பதில்லை என்பதே பொருள்.

அறிஞர் ஆய்வுவரை செல்வானேன்? இந்த அவையிலேயே சான்று இருக்கிறது. 1956-ஆம் ஆண்டில் காமராசர் ஆட்சியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவு தொடங்கப்பெற்றது. அத்தட்டில் உண்டு படித்தவர்கள் இங்கு எத்தனை பேர்? கை உயர்த்த வேண்டா, எனக்குத் தெரியும். நானும் அவர்களுள் ஒருவன். அன்றும் சிலர், “சோறு போட்டுப் பள்ளிக்கு அழைப்பதா?” என்று நகைத்ததுண்டு. அச்சோற்றை உண்டவர்கள் மத்திய அரசின் செயலகங்களில் கோப்பு எழுதினார்கள், மருத்துவர்களானார்கள், இரயில்களை ஓட்டினார்கள். அந்த 1956-இல் ஊன்றிய வித்து, 1982-இல் சத்துணவாக விரிந்து, 2022-இல் காலை உணவாகவும் தழைத்திருக்கிறது. உண்டவர் யாரும் ஒட்டுண்ணி ஆகவில்லை.

நிற்க. உழைப்பையும் உதவியையும் பகையாக்காமல் இணைத்த எடுத்துக்காட்டு ஒன்றும் இவ்வூரிலேயே உண்டு. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையின்போது ஏறத்தாழ ஐந்து லட்சம் மக்கள் அகதிகளாக டில்லிக்கு வந்து சேர்ந்தனர். கிங்ஸ்வே முகாமில் கூடாரம், கையில் ஒன்றுமில்லை. அரசு அவர்களுக்கு ரேஷன் கொடுத்தது, மனை கொடுத்தது, கடன் கொடுத்தது, கடை வைக்க இடம் கொடுத்தது, பிள்ளைகளுக்குப் பள்ளி கொடுத்தது. லாஜ்பத் நகரும் ராஜேந்திர நகரும் பட்டேல் நகரும் அவ்வாறு எழுந்தவையே. அருகிலுள்ள பரீதாபாத்தில், எல்லைப்புற மாகாணத்திலிருந்து வந்தவர்கள் கூட்டுறவு முறையில் தங்கள் நகரைத் தாங்களே கட்டினர்; கமலாதேவி சட்டோபாத்யாயரும் அவரது இந்தியக் கூட்டுறவு ஒன்றியத்தாரும் அப்பணியில் துணைநின்றனர். இன்று லாஜ்பத் நகர்ச் சந்தையில் துணி வாங்கும் நாம், அக்கடையின் முதலாளியை உதவித்தொகையில் வளர்ந்தவர் என்று இகழ்கின்றோமா? அவருடைய ஊக்கத்தையே புகழ்கின்றோம். ஊக்கம் அவருடையதுதான், ஆயினும் அது வேரூன்ற ஒரு பிடி மண்ணை முதலில் யாரோ கொடுத்தனர்.

இனி, ஒரு பிடி மண்ணும் கிடைக்காத தமிழன் ஒருவனின் வரலாற்றைச் சொல்கிறேன். இது கதையன்று, உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவானது. சேலத்தில் நிலமற்ற கூலியாக இருந்த ஒருவர், வறட்சியால் வேலையிழந்து 1961-ஆம் ஆண்டில் பம்பாய்க்குச் சென்றார். தஹிசரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் நாட்கூலி வேலை. ஒரு நாளைக்கு 23 ரூபாய். நெடுஞ்சாலையோர நடைபாதையில் பிளாஸ்டிக் தாளும் கித்தானும் கொண்டு அமைத்த மறைப்பு ஒன்றிற்காக, குடிசைகளை ஆட்டிப்படைத்த ஒருவனுக்கு 2,500 ரூபாய் கொடுத்தார். மனைவியும் மூன்று பெண்மக்களும் அதில் வாழ்ந்தனர். 1981-ஆம் ஆண்டு சூலையில், நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் ஊருக்கு அனுப்பிவிடுவதென்று மகாராஷ்டிர அரசு முடிவுசெய்தது. அம்மாதம் 23-ஆம் நாள் இவருடைய குடிசை இடிக்கப்பட்டது. குடும்பத்தோடு சேலத்திற்குப் பேருந்தேற்றி அனுப்பப்பட்டார். மனைவியும் மக்களும் ஊரில் தங்கினர். அவரோ வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கே திரும்பினார். மீண்டும் நடைபாதையிலேயே குடியேறினார்.

ஏன் திரும்பினார்? பம்பாயில் யாரும் அவருக்கு இலவசமாக எதையும் வழங்கவில்லை. அங்கே வேலை இருந்தது, சேலத்தில் இல்லை. இந்த ஒரு மனிதரின் திரும்பு பயணம், ‘உதவியை நாடியே புலம்பெயர்கிறார்கள்’ என்னும் வாதத்திற்கு முழு விடையாகும். அவரும் பிறரும் தொடுத்த வழக்கில், 1985-ஆம் ஆண்டு சூலையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாழும் உரிமையுள் பிழைப்புக்கான உரிமையும் அடங்கும் என்று அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவுக்கு அது விளக்கம் தந்தது. அதே தீர்ப்பு, பொது நடைபாதையை ஆக்கிரமிக்க யாருக்கும் உரிமையில்லை என்றும் கூறியது. அகற்றலாம், ஆனால் முறையான அறிவிப்பின்றி அகற்றலாகாது, மழைக்காலம் முடியும்வரை பொறுக்க வேண்டும் என்றது. உரிமை உண்டு, இடம் இல்லை! நாற்பதாண்டுகளாக நம் நாடு இந்த முடிச்சை அவிழ்க்க முயன்றுகொண்டே இருக்கிறது.

அம்முடிச்சு சென்ற காலத்தோடு போகவில்லை. நம் வாயிற்படிக்கே வந்தது. ஜங்புராவில் பாராபுல்லா வடிகாலின் கரையில் ‘மதராசி கேம்ப்’ என்னும் குடியிருப்பு இருந்ததை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். அரை நூற்றாண்டுக்கு மேலாகத் தமிழர் வாழ்ந்த இடம். ஏறத்தாழ 370 குடிசைகள். வடிகால் அடைபட்டு மழைக்காலத்தில் வெள்ளம் சூழ்கிறது என்பதனால், டில்லி உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2025-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் அது இடிக்கப்பட்டது. குடும்பங்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டவையே மாற்று வீட்டுக்குத் தகுதியுடையவை எனப்பட்டன. அவ்வீடுகளும் நகரின் வடகோடியில், நரேலாவில். எஞ்சியோர் ஆவணம் போதாதவர்கள். வடிகால் திறக்கப்பட வேண்டியதே. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கரையில் வாழ்ந்த பெண்கள் எங்கே வேலை செய்தனர்? ஜங்புராவிலும் நிஜாமுதீனிலும் அவற்றை அடுத்த குடியிருப்புகளிலும். நம் வீடுகளில் அடுப்படியைத் துடைத்தவர்கள் அவர்கள். நரேலாவிலிருந்து காலை ஆறு மணிக்கு நம் கதவைத் தட்ட அவர்களால் இயலுமா? வீடு கிடைத்தவளுக்கு வேலை போயிற்று; வேலை உள்ளவளுக்கு வீடு இல்லை.

இங்கே மற்றொன்றையும் கவனியுங்கள். டில்லியின் 2015-ஆம் ஆண்டுக் குடிசை மறுவாழ்வுக் கொள்கைப்படி, மாற்று வீடு பெறும் குடும்பம் தன் பங்காக 1,12,000 ரூபாயும், பராமரிப்புக்காக 30,000 ரூபாயும் செலுத்த வேண்டும். பாத்திரம் துலக்குபவளுக்கு அது எத்தனை மாதச் சம்பளம் என்பதை, அச்சம்பளத்தைக் கொடுக்கும் நாமே நன்கு அறிவோம். இதனை இலவசம் என்று அழைப்பது பொருந்துமா?

தாய்மார்களே, பெரியோர்களே! இப்போது கண்ணாடியை நம் பக்கம் திருப்ப விரும்புகிறேன். சற்றே சுடும், பொறுத்துக்கொள்ளுங்கள். நம்மில் பெரும்பாலோர் அரசாங்கக் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் அல்லது வாழ்கின்றவர்கள். வெளியில் அத்தகைய வீட்டின் வாடகை என்ன, நாம் செலுத்திய உரிமக் கட்டணம் என்ன? நமக்கு அரசு மருந்தகம் உண்டு. பிள்ளைகளுக்குக் கல்விப்படி உண்டு. ஊருக்குச் சென்றுவரப் பயணச் சலுகை உண்டு. விலை ஏறினால் அகவிலைப்படி உண்டு. இவையெல்லாம் நம் உழைப்புக்கு ஈடானவை என்போம். சரி. மூட்டை சுமப்பவன் உழைக்கவில்லையா? நாம் பெற்றால் ‘வசதி’, அவன் பெற்றால் ‘இலவசம்’ என்று ஒரே பொருளுக்கு இருபெயர் இட்டவர் யார்?

நான் இந்நகருக்கு வந்த கதையையும் கூறிவிடுகிறேன். எழுத்தர் பணிக்கான ஆணையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஒரு தகரப்பெட்டியுடன் வந்திறங்கினேன். தங்க இடமில்லை. கரோல்பாகில் உணவுவிடுதி நடத்திவந்த கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர், பின்கட்டில் பாய் விரிக்க இடம் தந்தார். முதற்சம்பளம் வரும்வரை இருவேளை உணவும் தந்தார். ஆனால் அவர் எல்லாவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தார். பிறகு மூன்று தவணைகளில், ஒரு பைசா குறையாமல் வாங்கிக்கொண்டார். எனக்கு அது அப்போது சிறிது வருத்தமாகவும் இருந்தது. பின்னரே உணர்ந்தேன்: அந்தக் குறிப்பேட்டினால்தான் அவர் கடையில் நான் தலைநிமிர்ந்து அமர்ந்து உண்ண முடிந்தது. என்னைத் திருப்பித் தரவல்லவன் என அவர் முன்கூட்டியே மதித்தார்.

இதற்கு நேர்மாறான ஒன்றை நானே செய்தேன். பல ஆண்டுகளுக்குமுன் இச்சங்கத்தின் செயலாளராக இருந்தபோது, ஒரு சனவரி மாலையில், விழுப்புரம் பக்கத்துக்காரர் ஒருவர் நம் வாயிலுக்கு வந்தார். அழுக்கடைந்த சட்டை, தோளில் ஒரு துண்டு. உதவி கேட்க வந்தவர் என்று எண்ணி, “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது? ஏதாவது வேலை செய்து பிழைக்கலாமே?” என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. “வேலை செய்துவிட்டுத்தான் வருகிறேன் ஐயா. படுக்கத்தான் இடமில்லை. இந்தத் தாழ்வாரத்தில் இன்றிரவு மட்டும் படுத்துக்கொள்ளட்டுமா?” என்று கேட்டார். சங்கத்தின் விதிகளில் அதற்கு இடமில்லை என்று கூறி, கதவைப் பூட்டிக்கொண்டு வீடு சென்றேன். தாழ்வாரம் அன்றிரவும் காலியாகவே கிடந்தது. அவரை மீண்டும் நான் பார்க்கவில்லை. அவருடைய பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவர் பாய் விரித்து இடம் தந்ததனால் இந்நகரில் காலூன்றியவன் நான் என்பது, பூட்டைத் திருகிய அந்த நொடியில் எனக்கு நினைவு வரவில்லை.

நம் ஊர் வீடுகளில் திண்ணை எதற்காகக் கட்டினார்கள்? வீட்டுக்காரர் காற்று வாங்குவதற்கு மட்டுமன்று. பெயரும் ஊரும் கேளாமல் வழிப்போக்கன் தலைசாய்ப்பதற்காக. அவன் விடியலில் எழுந்து போய்விடுவான். திண்ணையை யாரும் தூக்கிச் சென்றதில்லை. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசி, ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை எழுப்பினார். வடலூரில் வள்ளலார் 1867-ஆம் ஆண்டில் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்னும் எரிகிறது. உண்டவர்கள் சோம்பேறிகளாகி அங்கேயே கிடந்து தமிழ்நாடு அழிந்துபோயிற்று என்று வரலாறு கூறவில்லை.

வள்ளுவப் பெருந்தகை இவ்விருபக்க வாதத்தையும் அறிந்தவரே. ‘இரவு’ என்றோர் அதிகாரமும் ‘இரவச்சம்’ என்றோர் அதிகாரமும் குறளில் அடுத்தடுத்து நிற்கின்றன. முன்னதில், கரவாது கொடுப்பவரிடம் கேட்பதைத் தாழ்வாக அவர் கருதவில்லை. பின்னதில், கேட்டு வாழும் நிலையின் கொடுமையைக் கண்டு நடுங்குகிறார். அந்நடுக்கத்தில் அவர் சினங்கொள்வது யார்மீது? இரப்பவன்மீதன்று, அவ்வாறு ஒருவன் வாழும்படி உலகை வைத்தவன்மீது. மணிமேகலைக் காப்பியமோ, கைம்மாறு செய்யவல்லார்க்குக் கொடுப்பதை அறத்தை விலைபேசுதல் என்றே கடிகிறது. பசித்தோர்க்கு அமுதசுரபியால் உணவளித்த அவ்வணங்கின் வேண்டுகோளால், சோழ மன்னன் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றினான். நம் காலத்தில் நாம் என்ன செய்தோம்? 1959-ஆம் ஆண்டுப் பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டத்தை டில்லிக்கும் கொணர்ந்து, வறியவனை ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை அடைத்துவைக்க வழிசெய்தோம். அறக்கோட்டத்தைச் சிறைக்கோட்டம் ஆக்கினோம்! 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் டில்லி உயர்நீதிமன்றம் வறுமையைக் குற்றமாக்கும் அப்பிரிவுகளைச் செல்லாதவை என அறிவித்தது.

2020-ஆம் ஆண்டு மார்ச்சு இறுதியில் ஊரடங்கு வந்தபோது நாம் கண்டதை மறத்தல் அரிது. ஒரு கோடிக்கு மேற்பட்ட தொழிலாளர் தங்கள் மாநிலங்களுக்குத் திரும்பினர் எனப் பின்னர் நாடாளுமன்றத்தில் கூறப்பட்டது. தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக அவர்கள் நெடுஞ்சாலையில் நடந்தபோது, நம் காலனியின் இரும்புக் கதவு சாத்தியிருந்தது. அவர்கள் சோறு கேட்டு நிற்கவில்லை. ஊருக்குப் போகும் வழியைக் கேட்டார்கள். புலம்பெயர்ந்த தொழிலாளரைக் காக்க 1979-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருந்தோம். நாற்பதாண்டுகள் கழித்து, அவர்கள் எத்தனை பேர் என்ற கணக்குக்கூட அரசிடம் இல்லை என்பது அப்போது வெளியாயிற்று. அதன்பின் 2021-ஆம் ஆண்டு சூன் 29-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதனால், எம்மாநில அட்டையாயினும் எவ்வூர்க் கடையிலும் தானியம் பெறும் ஏற்பாடு விரைவுபெற்றது. அவ்வாண்டு ஆகஸ்டில் ‘இ-ஸ்ரம்’ என்னும் பதிவேடு தொடங்கப்பட்டு, இதுவரை 30 கோடிக்கு மேற்பட்டோர் அதில் பதிந்துள்ளனர். ஒரு லட்சம் நகரமக்களுக்கு நூறுபேர் தங்கும் காப்பகம் ஒன்று வேண்டும் என்னும் வரையறையும் 2013 முதல் ஏட்டில் உண்டு. சட்டம் இருக்கிறது; பதிவேடு இருக்கிறது; எழுதப்படிக்கத் தெரியாதவனை அவற்றிடம் அழைத்துச் செல்லும் கை இல்லை.

என் நண்பரின் ஐயத்தில் ஓர் உண்மை உண்டு, அதனையும் ஒப்புக்கொள்கிறேன். ஆண்டுக்கொருமுறை மேடைபோட்டு, வரிசையில் நிறுத்தி, கம்பளி கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் உதவி, பெறுபவனையும் தாழ்த்துகிறது, கொடுப்பவனையும் கெடுக்கிறது. அத்தகைய உதவி வேண்டா என்றால் நானும் அவர் பக்கமே நிற்பேன். ஆனால் தவறான முறையில் கொடுப்பதற்கு மருந்து, சரியான முறையில் கொடுப்பதுதான். கொடாமலிருப்பது மருந்தாகாது.

ஆகவே சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். முதலாவது, நம்மில் ஓய்வுபெற்றோர் பலர். வாழ்நாளெல்லாம் விண்ணப்பங்களையும் ஆவணங்களையும் கையாண்டவர்கள். ஞாயிறுதோறும் முற்பகலில் இங்கே அமர்ந்து, ரேஷன் அட்டை, தொழிலாளர் பதிவு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றிற்கான படிவங்களை நம் தொழிலாளர்க்கு நிரப்பித்தருவோம். ஆவணம் இல்லாமையால் வீடிழந்தவர்களை நாம் கண்ணெதிரே கண்டோம். இதற்குப் பணமும் வேண்டா. இரண்டாவது, நலநிதியிலிருந்து ஒரு கைமாற்று நிதி அமைப்போம். வாடகை முன்பணத்திற்கும் தையல் இயந்திரத்திற்கும் வட்டியின்றிக் கொடுத்து, தவணையில் திரும்பப் பெறுவோம். கரோல்பாகுப் பெரியவரின் குறிப்பேட்டைப் போல ஒரு குறிப்பேடு அதற்குப் போதும். மூன்றாவது, திசம்பர், சனவரி ஆகிய இருமாதங்களிலும் நம் சங்கத்தின் தாழ்வாரத்தை இரவில் திறந்துவைப்போம். காவலருக்கு இருமாத ஊதியமும் இருபது பாயும் இருபது ரஜாயும், செலவு அவ்வளவே. விதிகளில் இடமில்லை என்பார்கள். விதிகளை எழுதியவன் நான். அவற்றைத் திருத்தும் தீர்மானத்தையும் அடுத்த பொதுக்குழுவில் நானே முன்மொழிகிறேன்.

வந்தோரை வாழவைப்பது தமிழகம் என்று பெருமை பேசுகிறோம். இங்கே நாமே வந்தோராக இருக்கிறோம். நம்மை வாழவைத்த இவ்வூருக்கும், நமக்குப் பின்னால் தகரப்பெட்டிகூட இல்லாமல் வந்திறங்குகின்ற நம்மவர்க்கும், வேற்றுமொழி பேசும் அவர்தம் தோழர்க்கும் நாம் பட்ட கடன் ஒன்று உண்டு. பழங்காலத் திண்ணையை டில்லியின் அடுக்குமாடியில் கட்ட இயலாது. ஆயினும் நம் தாழ்வாரம் இருபதடி நீளம். நான் அளந்து பார்த்துவிட்டேன்.